ஹதியா என்று போன பொதி

சுங்கத்தில் வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்றவனுக்குப் பாலாவியில் சம்பளமில்லாத தொழில் ஒன்று எப்போதும் உண்டு. காலைத் தேநீர் ஆறுவதற்குள் யாராவது ஒரு கடதாசியோடு வாசலில் நிற்பார்கள். காரியம் கெட்ட பிறகுதான் வருவார்கள். கெடுவதற்கு முன்னால் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை; என் மரியாதை நிலைத்திருப்பது அதனால்தான்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் அப்படி வந்தவர் எங்கள் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் முஅத்தின். தொண்ணூறில், நான் கொழும்பில் கடமையில் இருந்தபோது, என் வீட்டாரோடும் மற்ற முஸ்லிம்களோடும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் கண்டக்குழிக் கரையில் வந்து இறங்கியவர். அப்போது அவரிடம் இருந்த பெறுமதியான பொருள் ஒன்றே ஒன்று. அவருடைய பாட்டனார் கையால் எழுதிய குர்ஆன். தோல் அட்டை, ஓரமெல்லாம் பொன் மையில் கோலம். விரட்டும்போது மற்றவற்றைப் பறித்துக்கொண்டவர்கள் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடித் தந்திருந்தார்கள்.

இப்போது அவர் ஊர் திரும்ப விரும்பினார். யாரோ கொடுத்த உதவியில் மன்னாரில் வீட்டுக்குச் சுவர் எழும்பியிருந்தது. உதவி சுவரோடு நின்றுவிட்டது. கூரை இல்லை.

அவர்கள் வந்திறங்கிய அதே கண்டக்குழியில் இப்போது வெள்ளைக்காரர்கள் வந்து தங்கிக் கடலில் பலகைமேல் நின்று பட்டம் பிடித்து ஓடுகிறார்கள். அப்படி வந்த ஒருவர் குர்ஆனைப் பார்த்தார், படம் எடுத்தார், ஒரு தொகை பேசினார். பொதி கையில் கிடைத்ததும் பணம் அனுப்புவதாகச் சொல்லி நாட்டுக்குப் போனார். அது தொல்பொருள் அனுமதி தேவைப்படும் அளவுக்குப் பழையதல்ல. பழையதாக இருந்திருந்தால் அனுமதி கிடைத்திருக்காது, இந்தத் துன்பமும் வந்திருக்காது.

கூரியர் கந்தோரில் இருந்த பெண் பிள்ளை, உள்ளே இருப்பதன் விலை என்ன என்று கேட்டிருக்கிறாள்.

"குர்ஆனுக்கு விலை சொல்லுறதில்ல மகள். ஹதியா."

"அப்ப அன்பளிப்பா, அங்கிள்?"

"ஓம், ஹதியா."

அவர் பொய் சொல்லவில்லை. ஹதியா என்றால் அன்பளிப்புத்தான். எங்கள் ஆட்கள் கடையில் குர்ஆன் வாங்கும்போது விலை கேட்பதில்லை. ஹதியா எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். கடைக்காரரும் ஹதியா இவ்வளவு என்பார், காசை வாங்கி மிச்சத்தைச் சரியாக எண்ணித் தருவார். இந்த மரியாதையால் உள்ளூரில் யாருக்கும் நட்டமில்லை. அந்தப் பிள்ளை அன்பளிப்பு என்ற கட்டத்தில் புள்ளடி போட்டு, பெறுமதிக்கு ஏதோ ஒரு சிறு தொகையை எழுதி, பொதியை அனுப்பிவிட்டாள்.

அந்த நாட்டுச் சுங்கம் பொதியைத் திறந்தது. பொன் கோலம் போட்ட பொருளுக்கு இதுவா பெறுமதி என்று வாங்கியவரைக் கேட்டது. அவர் பேசிய தொகையை உள்ளபடி சொல்லிவிட்டார். அந்தத் தொகைக்கு இறக்குமதி வரி, பொய்ப் பிரகடனத்துக்கு அபராதம். இரண்டும் அனுப்பியவரின் பிழை, அவரே கட்டட்டும், இல்லாவிட்டால் பொதி எனக்கு வேண்டாம் என்று வெள்ளைக்காரர் எழுதினார். அந்தக் கடதாசியோடுதான் முஅத்தினும் மனைவியும் என் வாசலுக்கு வந்தார்கள்.

திருத்திய விலைப்பட்டியலும் விளக்கக் கடிதமும் அனுப்பினால் அபராதம் நீங்கும், வரியை மட்டும் கட்ட வெள்ளைக்காரர் சம்மதிப்பார் என்றேன். ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் வாசித்துக் காட்டினேன். 'இந்தக் குர்ஆனை இன்ன விலைக்கு விற்றேன்' என்ற இடத்தில், என்னை அண்ணன் முறையில் நானா என்று அழைக்கும் அவர் கையை நீட்டி மறித்தார்.

"நானா, அந்த விலை எண்ட சொல்ல எடுத்துப் போட்டு ஹதியா எண்டு போடுங்க."

"அந்தச் சொல்லாலதானே இவ்வளவும்."

"நான் விலை பேசல."

"பேசாமலா அந்த வெள்ளக்காரன்ட்ட ரெண்டு தரம் கூட்டிக் கேட்டீங்க?" என்றாள் மனைவி.

"அது ஹதியாவக் கூட்டிக் கேட்டது."

"அப்ப ஊட்டயும் ஹதியாவப் போட்டு மூடுங்க. மழைக்கு நல்லாத் தாங்கும்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை.

வேறு வழியின்றி, அந்தச் சொல்லின் பொருளையும் வழக்கத்தையும் விளக்கி அந்த நாட்டுச் சுங்கத்துக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். விளக்கத்துக்கு நன்றி, விலைப்பட்டியலை அனுப்புக என்று பதில் வந்தது. நான் கடமையில் இருந்தால் அதே பதிலைத்தான் எழுதியிருப்பேன், நன்றியைத் தவிர.

மாரி நெருங்கும்போது அவர் தனியாக வந்தார். வாசித்துக் காட்ட வேண்டாம் என்றார். நான் காட்டிய இடத்தில், மேலே 'விற்றேன்' என்றிருந்த வரியை இடது கையால் மறைத்துக்கொண்டு கையெழுத்திட்டார். அன்றே அனுப்பினேன்.

அதற்குள் வெள்ளைக்காரருக்கு ஆசை தீர்ந்துவிட்டது. கொள்வனவிலிருந்து விலகுவதாக எழுதிவிட்டார். பின்னாலேயே சுங்கத்தின் அறிவித்தல்: அனுப்பியவர் தம் செலவில் மீளப் பெறலாம், பெறாவிட்டால் கைவிடப்பட்ட பொருளாகக் கருதி அழிக்கப்படும்.

"எடுப்பிப்பம் நானா. கடன்பட்டாவது எடுப்பிப்பம்."

நான் விதியைச் சொன்னேன். போன பொருளே திரும்பி வருகிறது என்று நிரூபித்தால் இங்கே வரி இல்லை. நிரூபிக்க, போன கடதாசியும் வரும் கடதாசியும் ஒத்திருக்க வேண்டும். போனது அன்பளிப்பு. வருவது, அவரே கையெழுத்திட்ட விலையோடு; ஒத்துவராது, வரி விழும். திருப்பி அனுப்பும் கட்டணத்தோடு அந்த வரியையும் கட்டுவதானால், மன்னாரில் நிற்கும் சுவரையும் விற்க வேண்டும்.

அவர் அறிவித்தலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு கேட்டார்:

"அழிக்கிறதெண்டா என்ன செய்வாங்க?"

கைப்பற்றிய பொருட்கள் எரியும்போது பட்டியலோடு பக்கத்தில் நின்று சரிபார்த்தவன் நான்.

"அங்கத்த முறை எனக்குத் தெரியாது" என்றேன்.

"அந்தக் கந்தோர்ல ஆராவது ஒரு முஸ்லிம் வேல செய்வானா?"

"செய்யலாம்."

"அவனுக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்க. எரிக்காம, பழைய குர்ஆன அடக்குற மாதிரி மண்ணுல அடக்கச் சொல்லி."

பெயரும் பதவியும் இல்லாத ஒருவருக்கு உத்தியோகக் கடிதம் எழுத எந்த விதியிலும் இடமில்லை. பொதியின் இலக்கத்தைப் போட்டு, உங்களில் ஒரு முஸ்லிமுக்கு என்று தொடங்கி எழுதினேன். பதில் வரவில்லை. அழித்துவிட்டதாக அறிவித்தலும் வரவில்லை. கைவிடப்பட்ட பொருளுக்கு அதை அனுப்ப வேண்டியதில்லை.