நாக்கில் வைக்காத விரல்

முத்தையாபுரம் பைபாஸ் ஓரத்து லாரி புக்கிங் ஆபீசில் இசக்கியப்பனுக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலைதான். வீட்டைக் காலி செய்து வெளியூர் போகிறவர்களுக்கு லாரி பார்த்துக் கொடுப்பது. டயரையும் தார்ப்பாயையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இசக்கியப்பன் பின்பக்கம் ஏறிக் குத்தவைப்பார். ஆள்காட்டி விரலில் எச்சில் தொட்டு, இரண்டு பலகைக்கு நடுவில் இருக்கும் இடுக்கில் ஒரு தேய்ப்பு தேய்ப்பார். அப்புறம் அந்த விரல் நாக்குக்குப் போகும். கரித்தால் அந்த லாரி வேண்டாம் என்று இறங்கிவிடுவார்.

பார்க்கிறவர்களுக்கு அருவருப்பாகத்தான் இருக்கும். ஆனால் காரணம் இருக்கிறது. தூத்துக்குடியில் ஓடுகிற லாரியில் பாதி, என்றைக்காவது உப்பு மூட்டை ஏற்றியதாகத்தான் இருக்கும். எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் இடுக்கில் கொஞ்சம் ஒளிந்துகொள்ளும். வழியில் ஒரு மழை பிடித்தால் போதும், கசிந்து வந்து பீரோ, வாஷிங் மெஷின் என்று இரும்பாக இருக்கிற அத்தனையையும் அரிக்க ஆரம்பித்துவிடும். டிரைவரைக் கேட்டால் தேங்காய் லோடு என்பான், சத்தியம்கூடப் பண்ணுவான். அதனால் இசக்கியப்பன் டிரைவரைக் கேட்பதே இல்லை.

"ஏலே, அண்ணாச்சி நாக்கு வருது, வழி விடு" என்று டிரைவர்கள் கேலி பண்ணுவார்கள். அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

அதில் பெருமைப்படாத ஒரே ஆள் அவர் மகள் ரம்யா. பத்தாவது படிக்கையில், சிநேகிதி வீட்டுச் சாமான் ஏற்றுகிற இடத்தில் அப்பாவின் விரல் வாய்க்குப் போவதைச் சிநேகிதியோடு நின்று பார்த்துவிட்டாள். ஒரு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன ஐப்பசியில் அந்த ரம்யாவுக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. சீர்ச் சாமான் முழுவதையும் அங்கே அனுப்ப வேண்டும். பீரோ, கட்டில், வாஷிங் மெஷின், அவள் அம்மா முருகேஸ்வரி சீட்டுப் போட்டு வாங்கிய தையல் மெஷின். மாப்பிள்ளையின் அப்பா ராஜதுரைக்கும் ஓசூரில்தான் ஹார்டுவேர் கடை. காரை விட்டு இறங்கினால் வேட்டியில் ஒரு கசங்கல் இருக்காது. கல்யாணத்துக்கு வந்திருந்த அவர், லாரி பார்க்கத் தானும் வருவதாகக் கிளம்பியபோது ரம்யா அப்பாவை அடுக்களைப் பக்கம் இழுத்தாள்.

"யப்பா, மாமா கூட வாராவ. அந்த வெரல் சோலி இன்னிக்கி வேண்டாம், என்ன?"

"ஏளா, எனக்குத் தெரியாதா?" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் சுருக்கென்றுதான் இருந்தது.

மூன்று லாரிகள் நின்றன. புதுப் பெயிண்ட் அடித்து, முன்னால் சம்பங்கி மாலை போட்டிருந்த பதினாலடி லாரி சம்பந்திக்குப் பிடித்துப்போயிற்று. இசக்கியப்பன் பின்பக்கம் ஏறினார். பலகை ஈரமாக இருந்தது. காலையில்தான் கழுவியிருக்கிறார்கள். வேறு யாராவது வீட்டுச் சாமான் என்றால் அந்த ஈரம் ஒன்றே அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்கும். விரல் பழக்கத்தில் தானாக இடுக்குக்குப் போய்த் தேய்த்தும்விட்டது. நிமிர்ந்தால் கீழே ராஜதுரை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இசக்கியப்பன் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நல்ல வண்டிதான் சம்பந்தி. இதையே பேசிருவோம்."

கயத்தாறு தாண்டியதும் பிடித்த மழை மதுரை வரைக்கும் விடவில்லை என்று டிரைவர் போனில் சொன்னான். அன்றைக்கு இசக்கியப்பன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். முருகேஸ்வரி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார்.

லாரி போன பதினெட்டாம் நாள் ஆபீசில் டிரைவர்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது மகளின் வீடியோ கால் வந்தது. பின்னால் ராஜதுரையும் நின்றார். பீரோவின் கால் நாலும் செந்துரு. வாஷிங் மெஷினின் அடித்தகடு பொரிந்து கிடந்தது. தையல் மெஷினின் மிதி அசையவில்லை.

"உப்பு லாரியா இருக்கும்னு மெக்கானிக் சொல்லுதான், சம்பந்தி" என்றார் ராஜதுரை. அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. "ஏத்துறதுக்கு முன்னாடியே அதக் கண்டுபிடிக்க வழி எதும் கிடையாதா?"

டிரைவர்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"அது... யாருக்குத் தெரியும், சம்பந்தி? பாத்தா எல்லா வண்டியும் ஒண்ணுபோலத்தான இருக்கும்" என்றார் இசக்கியப்பன்.

ஒரு டிரைவர் டம்ளரை வைத்துவிட்டு மெல்ல எழுந்து வெளியே போனான்.

போனில் ரம்யா மாமனார் பக்கம் திரும்பினாள்.

"எங்கப்பாவுக்குத் தெரியும், மாமா. பலகையத் தொட்டு வெரல நாக்குல வச்சுப் பாத்துச் சொல்லிருவாவ. தூத்துக்குடியில இவகளமாதி லாரி பாக்க ஆள் கிடையாது. அன்னிக்கி நீங்க நிக்கியன்னு வெக்கப்பட்டு நான்தான் வேண்டாம்னேன். தப்பு என் மேலதான்."

ராஜதுரை மருமகளைப் பார்த்தார். அப்புறம் போனுக்குள் சம்பந்தியைப் பார்த்தார்.

"யப்பா, லைன்ல இருக்கியளா?" என்று கேட்டாள் ரம்யா.

"இருக்கேன்ளா" என்ற இசக்கியப்பன், "இந்த வெரல்தான் சம்பந்தி" என்று ஆள்காட்டி விரலைப் போனுக்கு நேரே நீட்டினார்.