சின்ன ஆங்கிலச் சொற்கள் திரும்பி வந்த வரிசை

வயது வந்த, நினைவோடு இருக்கிற நோயாளிக்கு அறுவை சிகிச்சை செய்வதானால், ஒப்புதலை அவரிடமே பெற வேண்டும். அவருக்குப் புரியும் மொழியில், நன்மை தீமை இரண்டையும் எடுத்துச் சொன்ன பிறகு பெற வேண்டும். மனைவியோ மகனோ போடும் கையெழுத்து அதற்கு ஈடாகாது. விதி இதுதான். நான் நினைவோடுதான் இருந்தேன். வயதும் போதிய அளவுக்கு ஆகியிருந்தது. இடறியது 'புரியும்' என்ற ஒரு சொல்தான்.

ஓய்வு பெற்றதிலிருந்து காலையில் ஆங்கிலப் பத்திரிகையின் எழுத்துப் புதிரைப் போடுவது என் வழக்கம். குலைத்துப் போட்ட எழுத்துகளைச் சேர்த்துச் சின்னச் சின்னச் சொற்களாக்க வேண்டும். மாசி மாதத்தில் ஒரு காலை, புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து கட்டங்களை எல்லாம் நிரப்பி முடித்தேன். சரியாகத்தான் நிரப்பியிருந்தேன். ஆனால் எழுதியிருந்தது என்னவென்று தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். எழுத்துகள் தெளிவாக இருந்தன.

வசந்தா காபியோடு வந்து ஏதோ கேட்டாள். குரல் என் மனைவியுடையது. வார்த்தைகள் யாருடையவையோ. நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை அவள் பிறகு சொன்னாள்: "பேனா குளிச்சிட்டு வரட்டும், கோப்பு வெந்துடுச்சு." அவள் சிரித்திருக்கிறாள். முப்பது வருஷத்துக்கு மேல் எதையும் குத்தலாகவே பேசிவந்த ஆளிடம் வேறு எதை எதிர்பார்ப்பாள்? தலைக்குக் குளித்து, துணியைக் காயப்போட்டுவிட்டு அவள் திரும்பி வந்தபோதும் நான் அதையே சொல்லிக்கொண்டிருந்தேனாம்.

வாய் கோணவில்லை. கால் இழுக்கவில்லை. வலது கை கொஞ்சம் மரத்திருந்தது, அவ்வளவுதான். பேச்சு மட்டும் குழம்பினாலும் அது பக்கவாதமாக (மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்படுவது) இருக்கலாம் என்று எங்களுக்குத் தெரியாது. இதைப் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டில் கிண்டல் பேசும் ஆள் இருந்தால் இன்னும் கவனமாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

மருத்துவமனையில் எனக்கு வைத்த பெயர் அஃபேசியா (மூளையில் மொழிக்கான பகுதி சேதமாகி, பேச்சும் புரிதலும் குலைவது). கூடவே, தேடாத ஒன்றும் ஸ்கேன் படத்தில் அகப்பட்டது. அன்யூரிசம் (ரத்தக் குழாயின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து, குமிழாகப் புடைப்பது). அது என் பக்கவாதத்துக்குக் காரணம் அல்ல. அதுபாட்டுக்கு எவ்வளவு காலமாகவோ அங்கே இருந்திருக்கிறது. அப்படியே கடைசிவரை கிடக்கலாம், அல்லது ஒரு நாள் வெடிக்கலாம். வெடித்தால் பெரும்பாலும் முடிவுதான். மண்டையோட்டைத் திறந்து, குமிழின் கழுத்தில் கிளிப் போட்டு அடைக்கலாம். ஆனால் அது இருந்த இடம் மொழிப் பகுதியை ஒட்டி. மிச்சமிருக்கிற பேச்சும் போகலாம், போகாமலும் இருக்கலாம்.

இதை எல்லாம் அறுவை மருத்துவர் என் கட்டிலருகே நின்று பொறுமையாக விளக்கினாராம். நான் தலையாட்டினேன்.

என் மகன் செந்தில் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளன். பழுதைக் கண்டால் உடனே பிரித்துவிட வேண்டும் அவனுக்கு. "அப்பா ஓகே சொல்லிட்டாரு டாக்டர். தலைய ஆட்டுறாரு பாருங்க," என்றான். மருத்துவரும் பார்த்தார். செந்தில் கையெழுத்துப் போட்டான். நாள் குறித்தார்கள்.

அந்தத் தலையாட்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசு அலுவலகத்தில் கோப்புக்குக் குறிப்பெழுதும் வேலையில் சேர்ந்து, பிரிவுக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். மேலதிகாரி பேசும்போது கீழே உள்ளவன் தலையாட்டுவான். அது சம்மதம் அல்ல. 'காதில் விழுந்தது' என்பதற்குக் கொடுக்கிற ரசீது. சம்மதமா இல்லையா என்பது பிறகு கோப்பில் தெரியும். எங்கள் கட்டடத்தில் இது எல்லாருக்கும் தெரியும். மொழி போன பிறகும் கழுத்து அந்தப் பழக்கத்தை விடவில்லை. வெள்ளைக் கோட்டு கட்டில் பக்கம் திரும்பினால் போதும், தலை தானாக ஆடியது. அந்த ரசீதை வைத்துக்கொண்டு மண்டையைத் திறக்கக் கிளம்பிவிட்டார்கள்.

தடுத்தவர் பேச்சுப் பயிற்சியாளர் நிர்மலா. அறுவைக்கு முன் என் மொழி எவ்வளவு மிச்சம் என்று பதிவு செய்ய வந்தவர். வசந்தாவும் செந்திலும் பக்கத்தில் இருந்தார்கள்.

"சார், உங்க பேரு முனியம்மாவா?"

தலையாட்டினேன்.

"இப்ப நாம கப்பல்ல போயிட்டிருக்கோமா?"

தலையாட்டினேன்.

"இவங்க உங்க ரெண்டாவது சம்சாரமா?"

அதற்கும் ஆட்டினேன். வசந்தாவுக்குச் சிரிப்பு வந்து, அது பாதியிலேயே அழுகையாக மாறிவிட்டதாம்.

"இவருக்கு ஆமா, இல்ல ரெண்டுமே இப்ப கிடையாது. இத வச்சு ஆப்பரேஷன் பண்ணக் கூடாது," என்றார் நிர்மலா.

செந்தில் கத்தினான். "புரியற வரைக்கும் அது வெடிக்காம இருக்குமா மேடம்? அதுகிட்ட எழுதி வாங்கிக் குடுப்பீங்களா?"

நியாயமான கேள்வி. மருத்துவர் படங்களை மறுபடி பார்த்துவிட்டு, குமிழ் சின்னதுதான், சில மாதங்கள் காத்திருக்கலாம், பிறகு அவரே சொல்லட்டும் என்றார். இதே நிலையில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் நோயாளி தலையாட்டினால், நிச்சயம் 'இல்லை' என்று வர வேண்டிய கேள்வி ஒன்றையும் கேட்டுப் பாருங்கள். அதற்கும் ஆட்டினால், முதல் பதிலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நிர்மலா தமிழில் தொடங்கினார். அன்றாடப் பேச்சு மெல்லக் காதில் ஏற ஆரம்பித்தது. ஆனால் வாக்கியம் கொஞ்சம் நீண்டால், 'ஆனால்', 'அல்லது', 'இல்லாவிட்டால்' என்று வளைந்தால், நான் பாதியிலேயே கீழே விழுந்துவிடுவேன். புதிர் போடும் பழக்கத்தை வசந்தா சொன்ன பிறகு அவர் பிளாஸ்டிக் எழுத்துகள் ஒரு டப்பா கொண்டுவந்தார். புதுச்சேரியில் கோப்பு ஆங்கிலத்தில்தான் நகரும். என் சம்பாத்தியம் முழுவதும் அந்த மொழியில் வந்தது. மூளைக்குள் அதற்குத் தனி அலமாரி இருக்கலாம் என்பது அவர் எண்ணம்.

மேசையில் எழுத்துகளைக் கொட்டியதும் என் விரல்கள் ஓடின. A, E, T மூன்றையும் மாற்றி மாற்றி வைத்து TEA, EAT, ATE என்று வரிசையாகப் போட்டேன். செந்தில் கைதட்டினான். நிர்மலா தேநீர்க் கோப்பையின் படம், சாப்பிடுகிறவன் படம் என்று பரப்பிவைத்து, எது எதற்கு என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கல்யாண மண்டபத்தில் ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொள்வார். பார்த்த முகம்தான். பெண் வீடா, மாப்பிள்ளை வீடா, எந்த ஊர், எதுவும் ஞாபகம் வராது. ஒவ்வொரு சொல்லும் அப்படி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

உடம்பில் படுகிற சொற்கள் முதலில் வந்தன. வசந்தா சூடான டம்ளரை என் விரலில் வைத்து எடுத்தாள். HOT வந்தது. நகம் வெட்டும்போது CUT வந்தது. SIT, EAT, WET எல்லாம் சித்திரைக்குள் வந்து சேர்ந்தன. படமாக வரைய முடியாத சொற்கள் வரவில்லை. OR, NOT, IF. சர்வீஸ் முழுவதும் நான் சாப்பிட்டது இந்தச் சொற்களின் சோறு. ஒரு அரசாணையில் OR எங்கே விழுகிறது என்று பார்த்தே ஒரு மனுவைத் தள்ளிவிட முடியும், தள்ளியிருக்கிறேன். இப்போது அது இரண்டு துண்டுப் பிளாஸ்டிக்.

OR மீன்காரியிடமிருந்து கிடைத்தது. காலாப்பட்டிலிருந்து கூடையோடு வரும் அஞ்சலை வாசலில் இறக்கிவைத்து, "சங்கராவா, வஞ்சிரமா? எது வேணும் சொல்லு சாரு," என்றாள். நான் இரண்டையும் தூக்கிக்கொண்டேன்.

"அட, ரெண்டுமா! பென்ஷன் ரெட்டிப்பா வருதா? ஒன்ன வையி."

வசந்தா விடவில்லை. எழுத்துகளைக் கொண்டுவந்து, வாசற்படியிலேயே இரண்டு மீனுக்கும் நடுவில் O, R இரண்டையும் வைத்தாள். என் கையிலிருந்து வஞ்சிரத்தை எடுத்துக் கூடையில் போட்டாள். கூடை அஞ்சலையின் தலைக்கு ஏறியது. தெருமுனை திரும்பியது. அது போவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது புரிந்தது. OR என்றால் ஒன்று போய்விடும்.

NOT வருவதற்கு வைகாசி ஆயிற்று. ஒரு காலை வசந்தா வாயருகே கொண்டுவந்த இட்லியை என் கை தள்ளியது. அவள் கோபப்படவில்லை. "அப்பாடா, வேணாங்கறீங்களா? கல்யாணமான காலத்துல இருந்து உங்க வாயில இதத்தான கேட்டுட்டிருந்தேன்!" என்று எழுத்து டப்பாவைத் தேடி ஓடினாள்.

IF கடைசியில் வந்தது. அது இல்லாத மாதங்களைப் பற்றி வெளியில் யாரும் எழுதி நான் படித்ததில்லை, அதனால் எழுதுகிறேன். IF இல்லாதவனுக்கு நாளை கிடையாது. காலை இருக்கும், இட்லி இருக்கும், தெருவில் வண்டிச் சத்தம் இருக்கும். நடக்காதது எதுவும் இருக்காது. தலைக்குள் ஒரு குமிழ் இருக்கிறது என்று செந்தில் படம் வரைந்து காட்டியபோது, சரி, இருக்கிறது என்று பார்த்தேன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் என் தைரியத்தைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். அது தைரியம் அல்ல. பயப்படுவதற்கு வேண்டிய இலக்கணம் என்னிடம் இல்லை.

நிர்மலா மின்விசிறிச் சுவிட்சை வைத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "இத அணைச்சா, அது நிக்கும்." அணைப்பார், நிற்கும். ஒரு நாள் சுவிட்சில் விரலை வைத்தார், அணைக்கவில்லை. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "அணைச்சா?" என்றார். சுற்றிக்கொண்டிருக்கும் விசிறிக்குள் நிற்கப்போகிற விசிறியைப் பார்த்தேன். "நிக்கும்," என்றேன்.

அவர் சந்தோஷத்தில் வெளியே போய் வசந்தாவை அழைத்து வந்தார். அதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. வெடித்தால். வெடித்தால். வெடித்தால். ஒரே சொல்லில் எல்லா நாளைகளும் சேர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டன. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட மனம் வரவில்லை. குணமாவது என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

அதன் பிறகு மருத்துவர் மறுபடி கேட்டார். இந்த முறை மெதுவாக, துண்டு துண்டாக, எழுத்துகளை மேசையில் வைத்துக்கொண்டு. நான் தலையாட்டவில்லை. கழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். "யோசிச்சு சொல்லுங்க சார், வீட்டுக்குப் போங்க," என்றார்.

செந்தில் செய்துவிடலாம் என்றான். வசந்தா அவனைவிட உறுதியாக இருந்தாள். நான் இருந்தால் போதும் அவளுக்கு. எனக்கோ, ஒவ்வொன்றாகக் கைபிடித்துக் கூட்டி வந்த சொற்களை மறுபடி வாசலில் விட்டுவிட்டு, விட்டது தெரியாமலே உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற நினைப்பு பொறுக்கவில்லை. அதை அவளிடம் சொல்லுமளவுக்குச் சொல் சேரவில்லை. அவள் கேட்பதும், நான் பேசாமல் இருப்பதுமாக ஆனி போயிற்று, ஆடியும் பெரும்பகுதி போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன்.

"வேணாம்," என்றேன்.

"எது, கீரையா?"

"அறுக்க வேணாம்."

கை நின்றது. "அறுக்கலன்னா என்னாவும்? சொல்லுங்க பாக்கலாம். தெரிஞ்சிதான் சொல்றீங்களா?"

"வெடிச்சா... செத்துடுவேன்."

"வெடிக்கலன்னா?"

"பேசுவேன். உங்கூட."

"அறுத்தா உயிரோட இருப்பீங்களே!"

"இருப்பேன். நீ யாருன்னு... கேக்கத் தெரியாம."

அவள் கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் ஒன்னும் உங்க பேச்சப் பாத்துக் கட்டிக்கல. அந்த வாய்க்கு யாரு கழுத்த நீட்டுவா." பிறகு, "எனக்காகக்கூட இல்லையா?" என்றாள்.

இதற்கு எந்த விதியும் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். இல்லை என்று தலையை இட வலமாக அசைத்தேன். மெதுவாக, அவள் தவறாக எடுத்துக்கொள்ள இடமில்லாதபடி. அவள் எழுந்து கீரையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள். செந்திலிடம் அவள் போனில் பேசுவது கேட்டது. "அவரே சொல்லிட்டாரு. புரிஞ்சுதான் சொன்னாரு. இனிமே அவர யாரும் கேக்காதீங்க." அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வந்தது.

இதைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். வலது கை இன்னும் யாரோ எனக்குக் கடன் கொடுத்த கை போலத்தான் எழுதுகிறது. குனிந்து செருப்பை மாட்டுவதில்லை. தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். ஒரு வாக்கியத்தைத் தொடங்கும்போது, முடிப்பதற்கு நான் இருப்பேனா என்று முன்பு யோசித்ததே இல்லை. இப்போது முற்றுப்புள்ளி வைக்கும் ஒவ்வொரு முறையும், சற்று நின்று, இருக்கிறேன் என்று பார்த்துக்கொள்கிறேன்.

கேள்வி என்னிடம் வந்தது மாசியில். என் பதில் போய்ச் சேர்ந்தது ஆடி மாத ஐந்தாம் வெள்ளியன்று. வீராம்பட்டினத்தில் தேர், உள்ளூர் விடுமுறை, அலுவலகங்கள் எல்லாம் மூடியிருந்தன.