வீடியோவில் தெரிந்த பாதை

அந்த வீடியோ அரை நிமிடம்கூட ஓடாது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளிச் சீருடையோடு, தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் ஆடுகிறாள். பின்னால், தூரத்தில், ஒரு காட்டெருமை அவளைச் சட்டை செய்யாமல் மேய்கிறது. எடுத்துப் போட்டவள் அவளுடைய தோழி. குன்னூர்ப் பக்கம் காட்டெருமையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் சுற்றுலாப் படங்கள் போடும் ஏதோ ஒரு பக்கம் அதை எடுத்துப் போட்டுவிட்டது. இரண்டே நாளில் எங்கெங்கோ இருப்பவர்களெல்லாம் பார்த்திருந்தார்கள்.

கீழே இருந்த கருத்துகளைப் படிக்கும் வரை எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. 'இது எந்த இடம்?' என்று ஒருவர் கேட்டிருந்தார். இன்னொருவர் எஸ்டேட்டின் பெயர், எந்த வளைவில் இறங்க வேண்டும், அது எந்தப் பள்ளிச் சீருடை, பள்ளி எப்போது விடும் என்று எல்லாவற்றையும் அக்கறையாக எழுதியிருந்தார். அவள் தினமும் தனியாக நடந்து வருகிற பாதை அது.

தோழி உடனே அழித்துவிட்டாள். நான் அந்தப் பக்கத்துக்குக் கெஞ்சி எழுதினேன். பதில் இல்லை. அதற்குள் வேறு பக்கங்களிலும் வந்துவிட்டது.

"என்னோட அக்கவுண்ட லாக் பண்ணித்தாம்மா வெச்சிருக்கேன்" என்று மகள் அழுதாள். உண்மைதான். அவளுடைய போனை வாங்கிப் பூட்டி வைத்தேன். ஆபத்தென்றால் எதில் கூப்பிடுவாள் என்று மறுநாள் காலையில் நானே எடுத்துக் கொடுத்தேன். போலீஸில் சொல்லலாமா, சொன்னால் அவள் பெயர் இன்னும் நாலு இடத்தில் அடிபடுமா என்று யோசித்தே அந்த வாரம் போனது. கணவருக்குத் திருப்பூரில் வேலை. நான் தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் இருக்கிறேன். பர்மிஷன் கேட்டுக்கொண்டு தினமும் போய் அவளைக் கூட்டி வந்தேன்.

பாதையோரம் இலை எடை போடும் கொட்டகை இருக்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்கள் மாலையில் அங்கே உட்கார்ந்திருப்பார்கள்.

"என்ன அம்மிணி, பாப்பாவுக்கு வீட்டு வழி மறந்துபோச்சா?" என்றார் அவர்களில் மூத்தவர்.

நான் விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் என் போனில் வீடியோவைப் பார்த்தார்கள்.

"படத்துல மாடு நல்லா விழுந்திருக்கு. பாப்பாவுக்குத்தான் ஆட்டம் வரல" என்றார் ஒருவர். என் மகளே சிரித்துவிட்டாள். பிறகு அந்த மூத்த அக்கா சொன்னார்: "நீ ஆபீஸுக்குப் போ. பாப்பா இங்க வந்து ஒக்காரட்டும். நாங்க லயத்து வீட்டுக்குப் போறப்ப கூட்டிட்டு வந்து வீட்ல விட்டுட்டுப் போறோம்."

சரியென்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் பள்ளி விடும் நாலு மணியிலிருந்து, அவர்கள் தலையில் இதை ஏற்றியிருக்கக் கூடாதோ என்று மனம் அடித்துக்கொண்டே இருந்தது.

சில நாள் கழித்து, அவர்கள் சீக்கிரமே அவளை வீட்டில் விட்டுப் போயிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்ததும் மகள் மூச்சு விடாமல் சொன்னாள். பைக்கில் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். சத்தம் கேட்டதுமே ஒரு பெண் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை அவிழ்த்து இவள் சீருடைமேல் சுற்றிவிட்டார். இன்னொருவர் தலையில் துண்டைக் கட்டிவிட்டார். வந்தவர்கள் போனை நீட்டி, "இந்தப் பொண்ணு எப்போ வரும்?" என்று கேட்டார்களாம்.

"பொண்ணுதானே வேணும்? நாங்க இத்தன பேரு இருக்கோம். பாட்டப் போடுங்க தம்பி, ஆடுறோம்!" என்றாராம் அந்த மூத்த அக்கா.

"இல்லக்கா, சும்மா மாடு பாக்கத்தான்…"

"அதுவா? இருங்க, இப்ப வந்துரும். அதுக்கு பைக்கக் கண்டாத்தான் ஆகாது."

கொட்டகையே சிரித்ததில் அவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் வெறும் சுற்றுலாப் பையன்களாகவே இருந்திருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் நன்றி சொல்லப் போனேன். பாதியிலேயே அழுதுவிட்டேன்.

"ஏன் அம்மிணி அழுவுற? பாப்பா, எங்கள ஒரு வீடியோ எடு, பாப்போம்."

என் மகள் பின்னால் செடிகள் மட்டும் தெரியும்படி அவர்களை நிறுத்தினாள். கொட்டகையோ பாதையோ படத்தில் தெரிகிறதா என்று இரண்டு முறை பார்த்தாள். நான் சொல்லித் தரவில்லை. ஆட்டம் முடிந்ததும், "எப்ப பாப்பா போடுவ?" என்று கேட்டார்கள்.

"போட மாட்டேன் பெரியம்மா. அப்புறம் யாராச்சும் வந்து நீங்க எப்ப வருவீங்கன்னு கேப்பாங்க."

"கேக்கட்டுமே! இந்த வயசுல எங்களத் தேடி எவன் வாரான்?"

பழைய வீடியோ ஏதோ ஒரு பக்கத்தில் இன்னும் இருக்கிறது. தேடினால் கிடைக்கிறது. நான் இப்போதெல்லாம் பர்மிஷன் கேட்பதில்லை. நாலு மணி ஆனால் கை தானாகப் போனைத் தொடும். அந்த அக்காக்கள் அவளோடு இருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு வேலையைப் பார்க்கிறேன்.