ஆல்பத்தை முழுசாகக் கேட்டவர்

கிறிஸ்டோபரைப் பார்த்தவர்கள் யாரும் அவனுக்குக் கத்தத் தெரியும் என்று நம்பமாட்டார்கள். காஞ்சிபுரத்தில் காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றில் சேல்ஸ்மேன். "உக்காருங்கம்மா, பாப்பாவுக்குத் தண்ணி வேணுமா?" என்று காலையிலிருந்து குழைகிற வேலை. கடையையே பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, "அப்பறமா வரோம்" என்று எழுந்து போகிற மகராசிகளிடமும் பல்லைக் காட்டவேண்டும். அந்தச் சிரிப்பையெல்லாம் சேர்த்து வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்துத் தொண்டை கிழியக் கத்தினால்தான் அவனுக்கு உடம்பு தேறும்.

'கோரப்பல்' என்பது அவனும் கூட்டாளிகளும் நடத்துகிற மெட்டல் பேண்டின் பெயர்; அலறல்தான் அதில் பாட்டு. அப்படி ஒன்று இருப்பது ஊருக்கே தெரியாது. பிள்ளையார்பாளையத்துத் தறிச்சத்தத்தில் இவர்கள் டிரம்ஸ் யார் காதில் விழப்போகிறது? சென்னையில் மட்டும் இந்தப் பேண்டுக்காக உயிரை விடுகிற கூட்டம் ஒன்று உண்டு. அந்தக் கூட்டத்தைச் சேர்த்தவன் பழைய பாடகன் குமரகுரு. அவன் வேலை கிடைத்துக் கனடாவுக்குப் போனதும், டிரம்ஸ் வாசிக்கும் வீரபத்திரன் கிறிஸ்டோபரைக் கூட்டிவந்து அந்த இடத்தில் நிறுத்தினான். இரண்டு வருஷம் மாடாய் உழைத்து 'கரிநாக்கு' என்று ஓர் ஆல்பம் போட்டார்கள். பாட்டெல்லாம் கிறிஸ்டோபர் எழுதியது, கிறிஸ்டோபர் கத்தியது.

ஆல்பம் வெளியானது. 'குரு எங்கே?' என்று கேட்டார்கள். 'குரு இல்லாத கோரப்பல் வெறும் பல்செட்டு' என்று ஒரு புத்திசாலி எழுத, அதற்கு ஆயிரம் பேர் சிரித்து வைத்தார்கள். முசரவாக்கத்தில் இருக்கிற அண்ணன், "பேய் புடிச்ச மாதிரி இருக்குதுடா" என்று முதல் பாட்டில் பாதியிலேயே அணைத்துவிட்டான். கடையில் கூட வேலை செய்யும் பிரவீனா போனில் ஓர் இதயம் அனுப்பினாள். கேட்டியா என்று கேட்டதற்கு இன்னோர் இதயம் அனுப்பினாள். அப்படி அனுப்புகிறவர்கள் கேட்பதில்லை என்பது இவனுக்குத் தெரியாதா என்ன? வாடகை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

ஒருநாள் வீரபத்திரன் தலையைச் சொறிந்துகொண்டே வந்தான்.

"ஒருத்தர் தெனம் கேக்கறாங்கடா. மொத்த ஆல்பமும்."

"யாரு?"

"குருவோட அம்மா. ஆனா, குருதான் பாடறான்னு நெனச்சிக்கினு இருக்கறாங்க. கனடாலேர்ந்தே பாடி அனுப்பிட்டானாம். எனக்குச் சொல்ல மனசு வரலடா."

கிறிஸ்டோபருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருக்கிற ஒரே ரசிகரும் குருவின் கணக்கிலா? நேரில் போய்ப் போட்டு உடைத்துவிடுவது என்று கடை விடுமுறையன்று மத்தியானம் கிளம்பினான்.

குருவின் அம்மா அம்சவேணி தனியாகத்தான் இருந்தார். கூலிக்குத் தார் சுற்றுகிறவர். நெசவுக்கு வேண்டிய நூலை ராட்டையில் சின்னச் சின்னக் குழல்களாகச் சுற்றித் தருகிற வேலை. பக்கத்தில் சொம்பின் மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தார். அதிலிருந்து கிறிஸ்டோபரின் குரல் அலறிக்கொண்டிருந்தது. இன்னொருவர் வீட்டுக்குள் தன் குரலை அவன் கேட்பது அதுதான் முதல் தடவை. வாசலிலேயே நின்றுவிட்டான். பாட்டை யாரும் பாதியில் அணைக்கவில்லை.

"யாருப்பா?"

"குரு இருந்தாரே, அந்த பேண்டுமா. பேரு கிறிஸ்டோபர்."

"வா வா, உக்காரு. எம்புள்ள பாடறான் பாத்தியா? போன்ல கூப்புட்டா, 'நல்லா இருக்கறேன்மா, அப்பறம் பேசறேன்'னு வச்சிடறான். இதுலதான் கொஞ்ச நேரமாவது பேசறான். ஆனா ஒண்ணும் பிரிய மாட்டேங்குதுப்பா. இன்னாதான் சொல்றான்?"

போட்டு உடைக்க வந்தவன் போனைப் பார்த்தான். ஓடிக்கொண்டிருந்தது கடைசிப் பாட்டு. வேறு வழி தெரியாமல், புடவை விரித்துக் காட்டுகிற அதே மெல்லிய குரலில் ஒவ்வொரு வரியாகச் சொன்னான்.

"தட்டுல சோறு இருக்குது. எதுர்ல செவுரு இருக்குது. நீ கேக்க மாட்ட, நானே கேக்கறேன். செவுரே, நீ துன்னியா?"

கத்தும்போது அது கோபமாக இருந்தது. சொல்லிப் பார்த்தபோது கோபத்தையே காணோம்.

ராட்டை நின்றது. அம்சவேணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தனியாவா துன்றான்? கூட நாலு பேரு இருக்கறாங்கன்னு சொன்னானே. பாவிப்பய, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

கிறிஸ்டோபர் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். அவன் பாட்டுக்காக ஒருவர் அழுவது இதுதான் முதல் தடவை. பேசாமல் இருந்தால் நாளைக்கும் கேட்பார், மறுநாளும் கேட்பார். ஆனால் அந்த அழுகை கனடா முகவரிக்கல்லவா போய்க்கொண்டிருந்தது. அவனால் தாங்க முடியவில்லை.

"அது நான்மா. பாடனது குரு இல்ல. எழுதனதும் நான்தான்."

அவர் போனைப் பார்த்தார், இவனைப் பார்த்தார். பாட்டு முடிந்திருந்தது.

"அப்ப எம்புள்ள பாடலியா?"

"இல்லமா."

"ஒண்ணுகூடவா?"

ஏன்தான் சொன்னோம் என்று கிறிஸ்டோபருக்கு ஆகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான். அம்சவேணி போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். அறுந்த நூலை முடிச்சுப் போட்டார்.

"அப்ப செவுத்தப் பாத்துக்கினு துன்றது நீயா?"

"ஆமாமா."

உள்ளே போனவர் சோறும் காரக்குழம்பும் சுட்ட அப்பளமுமாகத் தட்டோடு வந்தார். அவன் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம் கடை விடுமுறை என்றால் அவனுக்கு அந்த வீட்டில்தான் சாப்பாடு. கடையைப் பற்றி விசாரிப்பார், தொண்டைக்கு மிளகு ரசம் வைத்துத் தருவார். குரு வழக்கம்போல இரண்டு நிமிஷம் பேசிவிட்டு வைத்துவிடுகிறான். சாப்பிட்டுவிட்டுக் கிறிஸ்டோபர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான், அவர் தார் சுற்றுவார். ராட்டைச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அந்த ஆல்பத்தை அவர் மறுபடி போடவே இல்லை. போடுங்கம்மா என்று கேட்க அவனுக்கும் வாய் வரவில்லை.