பள்ளமாகிப்போன மலை

அப்பா வன இலாகா ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மெட்ராஸிலிருந்து வந்து அமிர்தி பங்களாவில் தங்கியிருந்த ஆபீசர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் ஆகிவிடும் என்று வீட்டில் ஓயாத பேச்சு. அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். எனக்கோ ஆபீசர் மேசைமேல் இருந்த அந்தக் கண்ணாடிமேல்தான் கண்.

கால் முளைத்த மூக்குக்கண்ணாடி மாதிரி இருக்கும் அது. அதன் கீழே, ஆகாய விமானத்திலிருந்து எடுத்த இரண்டு போட்டோக்களை அடுத்தடுத்து வைத்திருந்தார். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சாம்பலைக் கொட்டித் தேய்த்த காகிதம். இதுவா நம் ஜவ்வாது மலை என்று சப்பென்றாகிவிட்டது. குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஐயோ! மலை கிளம்பி மூக்குக்கு நேரே வந்துவிட்டது! மரங்கள் தனித்தனியாக நின்றன. ஓடை எங்கோ ஆழத்தில் கிடந்தது. விழுந்துவிடுவேனோ என்று மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "மலை எழும்புது! மலை எழும்புது!" என்று நான் போட்ட கூச்சல் வெளியே ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவுக்கே கேட்டிருக்கும்.

"ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாரு," என்றார் ஆபீசர். மூடினேன், மலை படுத்துவிட்டது. திறந்தேன், எழுந்தது. மூடித் திறந்து, மூடித் திறந்து மலையைப் பாடாய்ப்படுத்தினேன். சற்றுத் தள்ளித் தள்ளி எடுத்த இரண்டு படங்கள், கண்ணுக்கு ஒன்று. இரண்டு கண்ணும் சேர்ந்தால்தான் மேடுபள்ளம் தெரியும் என்று அவர் விளக்கியதெல்லாம் எங்கே காதில் ஏறியது!

பிறகு அவர் விளையாட்டாகப் படங்களை இடவலம் மாற்றி வைத்தார். எட்டிப் பார்த்த ஃபாரஸ்ட் கார்டு மாமா, "இன்னா சார் இது, மலை குழியாப் பூடுச்சே!" என்று பின்வாங்கினார். நானும் பார்த்தேன். மலையெல்லாம் பள்ளம்! ஓடை சுவர்போல எழுந்து நின்றது.

அப்பா துள்ளுவதைப் பார்த்தே ஆகவேண்டும். விஷயத்தைச் சொல்லாமல் வெளியே ஓடிக் கையைப் பிடித்து இழுத்தேன். "வண்டிக்குத் தண்ணி ஊத்தணும், போம்மா," என்றார். விடுவேனா?

இடம் மாறிக் கிடந்த படங்கள்மேல் அப்பா வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு, "அடேங்கப்பா, மலை இன்னா ஒசரமா எழும்புது சார்! ஓடை பாதாளத்துல கீது," என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆபீசரையே கிண்டல் செய்கிறாரே என்று நான்தான் அதிகம் சிரித்தேன். சிரிக்காதவர் ஆபீசர் மட்டும். அப்பாவின் அருகில் போய், "எந்தக் கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இடதுங்க சார். சின்ன வயசுலேர்ந்தே தெரியாதுங்க. ஒரு தபா கூட வண்டி எங்கியும் இடிச்சதில்லீங்க."

நான் அதற்குள் மறுபடி கண்ணாடிக்குள் போய்விட்டேன்.

மறுநாள் காலை குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆபீசரே ஜீப்பை ஓட்ட, பக்கத்தில் என் அப்பா துரை மாதிரி உட்கார்ந்து ஒடுகத்தூர்ப் பக்கம் போகிறார்! யார் வீட்டு அப்பாவுக்கு இந்த மரியாதை கிடைத்திருக்கிறது? கைதட்டிக் குதித்தேன். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இவ்வளவு பெரிய பெருமையைக் கொண்டாடக்கூடத் தெரியவில்லையே இவளுக்கு என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.