வலிக்காத பல்செட்

பல் மருத்துவக் கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே ஒரு சலூன். அதை நடத்தியவர் வாயில் மருந்துக்குக்கூட ஒரு பல் கிடையாது. ஈறில் நோய் வந்து, நாற்பது வயதுக்குள் ஒவ்வொன்றாக ஆடிக் கழன்றுவிட்டன. மாணவர்கள் அவரைப் 'பொக்கை அண்ணன்' என்று கூப்பிடுவார்கள். கோபமே வராது மனுஷனுக்கு. ஆனால் அந்தப் பொக்கை வாய்க்குக் கல்லூரியில் இருந்த கிராக்கி இருக்கிறதே, முதல்வர் நாற்காலிக்குக்கூட அவ்வளவு கிராக்கி இருந்திருக்காது.

காரணம் இதுதான். கடைசி வருஷ மாணவர்கள் பல்லே இல்லாத ஒருவரைப் பிடித்து, அச்சு எடுத்து, மெழுகில் பார்த்து, முழு பல்செட் செய்து, பரீட்சை அன்று தேர்வாளர் கண் முன்னால் மாட்டிக் காட்ட வேண்டும். அத்தனை தடவை கூப்பிட்டாலும் அலுக்காமல் வந்து வாயைத் திறக்கிற ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் முடிவெட்ட வந்து உட்கார்ந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது. பரீட்சைக்குப் பிடித்து வைத்திருந்த பெரியவர், மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று வேறு ஊருக்குப் போய்விட்டாராம். அண்ணன் கத்திரியை எடுத்தார். பையன் கண்ணாடியில் தன் தலையைப் பார்க்கவில்லை, அண்ணன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் பொறுத்து, அண்ணே, வாயைத் திறங்களேன் என்றான். வாயை மூடிக்கொண்டு வெட்டு என்று சொன்ன வாடிக்கையாளர்கள் அவருக்கு நிறைய உண்டு. திறக்கச் சொன்னவன் இவன்தான் முதல்.

பரீட்சை அன்று பையன் பல்செட்டை மாட்டியதும் கீழ் ஈறில் ஓரிடத்தில் சுருக்கென்று குத்தியது. தேர்வாளர் வலிக்கிறதா என்று கேட்டார். அண்ணன் பையனைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை, கை வெடவெடவென்று நடுக்கம். அண்ணன் தொழில் பழகிய காலத்தில், முதல் சவரத்தில் ஒரு மனிதர் கன்னத்தைக் கீறிவிட்டார். அந்த மனிதர் ரத்தத்தைத் துண்டால் ஒத்திக்கொண்டு, 'ஒண்ணுமில்லப்பா, நீ பாட்டுக்குச் செய்' என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் அன்றைக்கு அண்ணன் கை நடுக்கம் நின்றது. அது மனசில் வந்ததோ என்னவோ, "வலிக்கல சார், சொந்தப் பல்லு மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

பையனுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பதக்கத்தோடு சலூனுக்கு ஓடி வந்து, பாதி சவரத்தில் இருந்த வாடிக்கையாளரைக்கூடப் பார்க்காமல் அண்ணனைக் கட்டிக்கொண்டான். இத்தனைக்கும் அந்தச் செட்டை அண்ணன் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடப் போட்டதில்லை.

அப்புறம் கேட்க வேண்டுமா? சீனியர் ஜூனியரிடம் சொல்ல, வருஷா வருஷம் யாராவது ஒருவர் வந்து நின்றார்கள். அண்ணனும் இல்லை என்று சொன்னதில்லை, வலிக்கிறது என்றும் சொன்னதில்லை. ஒரு செட் ஈறை அறுக்கும், ஒன்று தும்மினால் மடியில் விழும். எல்லாருக்கும் ஒரே பதில்தான், வலிக்கல. செய்தவர்கள் முடிவெட்ட வருவது தெரிந்தால் அவர்கள் செட்டைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்வார், அவர்கள் படி இறங்கியதும் கழற்றி இழுப்பறையில் போட்டுவிடுவார். எது யார் செய்தது என்று குழம்பிப்போய், ஒரு தடவை ஒருத்தி செய்ததை இன்னொருத்திக்குச் சிரித்துக் காட்டினார். அவளும் தன்னுடையதுதான் என்று பூரித்துப் போனாள். பைத்தியக்கார மனுஷன்.

சாப்பாடு மட்டும் எப்போதும் போல மசித்ததுதான். சலூன் மாடியில் அவரும் அவருடைய அக்காவும் குடியிருந்தார்கள். நல்ல செட் இருக்கும்போது ஏன்டா மென்னு சாப்பிடாமல் இப்படிக் குழப்பி விழுங்குகிறாய் என்று அக்கா கேட்பார். தேய்ந்துவிடும் அக்கா, பத்திரமா இருக்கட்டும் என்பார் தம்பி. கூடப் பிறந்தவளிடமும் அதே பொய்.

கல்லூரி நடைபாதைச் சுவரில் பதக்கம் வாங்கியவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். அந்தப் பக்கம் போனால் அண்ணன் தோள் துண்டால் கண்ணாடிகளைத் துடைத்துவிட்டு வருவார். நிறைய பேர் அவர் வாயில் பாஸானவர்கள். முதல் படம் அந்தப் பையனுடையது. அவன் மேலே படித்து, அதே கல்லூரியில் ஆசிரியராகிவிட்டான். இப்போது அண்ணனுக்கு அவன் 'சார்'. மாலையில் சொந்தமாக கிளினிக்கும் உண்டு.

அக்காவுக்கும் பல் எல்லாம் போனபோது, சாரிடமே போ, அவர் செய்தால் வலிக்கவே வலிக்காது என்று அண்ணன்தான் அனுப்பி வைத்தார். செட் வந்தது. அக்கா வலிக்கிறது என்று இரண்டு தடவை போய்ச் சொன்னார். சார் சிரித்துக்கொண்டே, உங்க தம்பிக்கு முதல் நாளிலிருந்தே வலிக்கலையேம்மா, பழகினா சரியாகிடும் என்று அனுப்பிவிட்டார். அதற்குமேல் அக்கா போகவில்லை. தம்பி வாய் பொறுத்ததை நம் வாய் பொறுக்கவில்லையே, குறை நம்மிடம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு நாள் காலை அண்ணன் எதற்கோ சமையலறைக்குள் போனார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ரொட்டியை டீயில் முக்கி விழுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் பல்செட் கிடந்தது, தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது. அக்காவின் ரவிக்கை தோளில் தொளதொளவென்று கிடந்ததை அன்றைக்குத்தான் அவர் பார்த்தார். படியிறங்கிக் கடையைத் திறந்தார். இரவில் துருவிக் கேட்ட பிறகுதான், குத்துகிற இடத்தையும் சார் சொன்ன பதிலையும் அக்கா சொன்னார்.

அந்த வாரமே சார் முடிவெட்ட வந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் அண்ணன் நினைத்தார். வாய் வரைக்கும் வந்தது. அக்காவுக்கு வலிக்கிறது என்றால் எனக்கு வலித்ததையும் சொல்ல வேண்டும், இத்தனை வருஷப் பொய்யை எந்த முகத்தோடு உடைப்பது என்று மென்று முழுங்கிவிட்டார். வழக்கத்தைவிட மெதுவாக வெட்டி அனுப்பினார்.

அந்த வருஷம் அண்ணனைக் கேட்டு வந்தது ஒரு சின்னப் பெண். ஏற்கெனவே அந்தப் பரீட்சையில் ஒரு தடவை தோற்றவள். அச்சு எடுக்க வாயில் கை வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும், வைக்கட்டுமா அங்கிள் என்று கேட்பாள். போன தடவை அவளுக்கு வாய் காட்ட வந்த ஒரு வயதான அம்மா, அவள் மனசு நோகக் கூடாதே என்று வலியைப் பொறுத்துப் பொறுத்து, கடைசியில் தேர்வாளர் முன்னாலேயே எழுந்து போய்விட்டாராம்.

"எனக்காக எதையும் சொல்லாதீங்க அங்கிள். வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க, நான் சரி பண்ணிடுவேன்" என்றாள்.

சரிம்மா என்றார். அவளைப் பெற்ற மகள் மாதிரி பிடித்துப்போயிருந்தது. இந்தத் தடவையும் தோற்றால் ஒரு வருஷம் வீண் என்பதும் அவருக்குத் தெரியும்.

பரீட்சை அன்று தேர்வாளராக வந்து நின்றது சாரேதான். அவள் செட்டை மாட்டினாள். மெல்லக் கடிக்கச் சொன்னாள். மற்றதெல்லாம் பூப்போல உட்கார்ந்திருக்க, ஒரு மூலையில் மட்டும் குத்தியது. சார் பழக்கதோஷத்தில், வலிக்கலையேண்ணே என்று கேட்டுக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

அண்ணன் கண்ணுக்குள் சிவந்த தண்ணீர்தான் வந்தது.

"வலிக்குது சார்."

பேனா நின்றது. சார் அவரைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணைப் பார்த்தார். இந்த வாய்க்கு இத்தனை பேர் செட் செய்திருக்கிறார்கள், யாருடையதும் இவருக்கு வலித்ததில்லை, உன்னுடையது மட்டும் வலிக்கிறது என்றால் எங்கேயோ பெரிய தப்புப் பண்ணியிருக்கிறாய் என்று நிதானமாகச் சொன்னார். அவள் முகம் செத்துப்போனது. ஆனாலும் வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியைக் கையில் எடுத்தாள்.

ஐயையோ, உண்மையைச் சொன்னதில் இவள் தலையில் அல்லவா இடி விழுகிறது! அண்ணனுக்குப் பதறிவிட்டது. செட்டை வாயிலிருந்து கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இவ மேல தப்பு இல்ல சார். எல்லாருதும் வலிச்சது. நான்தான் சொல்லல."

"எல்லாருதுமா?"

"உங்களுதும்தான், தம்பி."

சார் என்ற வார்த்தை அந்த இடத்தில் அவருக்கு வரவில்லை. உங்க கை நடுங்கினதைப் பார்த்தேன், மனசு கேட்கல, பாஸாகட்டும்னு சொல்லிட்டேன், அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு என்று தட்டுத் தடுமாறிச் சொன்னார். அக்காவுக்கு வாயில் புண், கிண்ணத்தில் ரத்தம், என்னைக் காட்டித்தானே அவளைப் பொறுத்துக்கச் சொன்னீங்க என்றபோது குரல் உடைந்துவிட்டது. அந்த வயசில், அந்த நாற்காலியில், குழந்தை மாதிரி அழுதார்.

அந்தப் பெண் அவர் கையிலிருந்த செட்டை மெதுவாக வாங்கிக் கழுவினாள்.

"எங்க வலிக்குது அங்கிள்?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தால், இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதே இல்லை. காட்டினார். அவள் செட்டின் உள்பக்கம் வெள்ளைப் பசை தடவி, திரும்ப மாட்டி எடுத்தாள். குத்திய இடத்தில் பசை விலகியிருந்தது. அங்கே மட்டும் மிஷினில் துளித் துளியாகத் தேய்த்தாள். மாட்டினாள். இன்னும் கொஞ்சம் இருக்கும்மா என்றார். மறுபடி தேய்த்தாள். இப்போது வலிக்கல என்றபோது அவள் நம்பவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்க என்றாள். மென்று பார்க்கக் கொண்டு வந்திருந்த ஆப்பிளில் ஒரு துண்டைக் கையில் கொடுத்தாள். அவர் கண்ணை மூடி மென்றார். முதலில் பயந்து பயந்து, பிறகு இரண்டு பக்கமும் நன்றாக. விழுங்கிவிட்டு, இன்னொரு துண்டு இருக்கா என்று கேட்டார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

சார் அவ்வளவையும் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தாளில் மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டார். பாஸ், அதுவும் நல்ல பாஸ்.

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். சார் அவர் தோளைத் தொட்டுத் திரும்ப உட்கார வைத்தார். பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"என்னோடது எங்கண்ணே வலிச்சது?"

எத்தனையோ செட் வந்து போன வாய். ஆனாலும் அண்ணன் விரல் யோசிக்காமல் கீழ் ஈறின் இடது ஓரத்துக்குப் போனது. சார் குனிந்து, ரொம்ப நேரம் அந்த இடத்தையே பார்த்தார்.

"அக்காவுக்கு?"

"அவளுக்கும் இதே இடம்தான் தம்பி."

சார் எழுந்து கையைக் கழுவினார். வாங்கண்ணே, அக்காவைப் பார்த்துட்டு வந்துடலாம் என்று சொல்லி, அவருக்கு முன்னால் தானே கதவைத் திறந்துகொண்டு நடந்தார்.