டோக்கனுக்கு முன்னால் வானிலை

கடல் தொழிலைப் பற்றி எழுதுகிறவர்கள் படகுக்காரரை எழுதுவார்கள், மீன் விற்கிறவளை எழுதுவார்கள். கணினி அறையில் சர்வரை எழுப்பிவிடுகிற பெண்ணை எழுதுவதில்லை. ராமேஸ்வரத்தில் விசைப்படகுச் சங்கம் ஒன்றில் அந்தப் பெண் நான்தான். நின்றுபோனால் மட்டும் பிறர் நினைவுக்கு வருகிற வேலை இது. இதே வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிற உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

யாருக்குப் பரிவட்டம்

எங்கள் ஜாவா சர்வரில் மூன்று செயலிகள். ஒன்றில் படகுகளின் பதிவு இருக்கும். ஒன்று வானிலை எச்சரிக்கையை வாங்கி வைக்கும். மூன்றாவது, அவ்விரண்டையும் பார்த்து, கடலுக்குப் போகிறவர்களுக்கு அனுமதி டோக்கன் அடிக்கும். சர்வர் எழும்போது எது முதலில் எழ வேண்டும் என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கலாம். சிறிய எண்ணுக்கு முன்னுரிமை. வானிலைக்கு ஒன்று, பதிவுக்கு இரண்டு, டோக்கனுக்கு மூன்று என்றேன்.

டோக்கன் பிரிவினர் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். சங்கச் செயலாளரோ, கோயிலில் முதல் பரிவட்டம் யாருக்கு என்று கோர்ட்டு வரை போன ஊர்க்காரர். அவர் தீர்ப்புச் சொன்னார்: "எல்லாத்துக்கும் ஒண்ணுன்னே போட்ரும்மா. ஒருத்தரும் கோவிச்சுக்கிற மாட்டாக."

எண் சமமானால்

எண்கள் சமமாக இருந்தால் எங்கள் சர்வர் பெயர்களின் ஆங்கில அகரவரிசையைப் பார்க்கும். படகுப் பதிவுக்கு 'பி', டோக்கனுக்கு 'டி', வானிலைக்கு 'டபிள்யூ'. ஆக, டோக்கன் எழுந்து சீட்டு அடிக்கத் தொடங்கிய பிறகே வானிலை கண் திறக்கும். வானிலைச் செயலி விழித்திராவிட்டால், எச்சரிக்கையே இல்லை என்று டோக்கன் எடுத்துக்கொள்ளும். இதைச் செயலாளருக்குப் படம் வரைந்து காட்டினேன். "சில நிமிசந்தானம்மா பிந்தும். அதுக்குள்ள கடல் பொங்கியா போயிரும்?" என்றார். அவர் சொன்னபடியே மூன்றுக்கும் ஒன்று போட்டேன்.

அந்தச் சில நிமிடங்கள்

பலத்த காற்று வரும் என்ற எச்சரிக்கை இருந்த ஒரு காலையில் கரண்ட் போய்த் திரும்பியது. சர்வர் தானாக எழுந்தது; கவுண்டரில் டோக்கன் அச்சாகத் தொடங்கியது. நான் அந்தச் செயலியை நிறுத்துவதற்குள் முதல் சீட்டு கபீர் காக்காவின் கைக்குப் போய்விட்டது. பெரியபட்டினத்துக்காரர், படகு டிரைவர்; அவர்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். படகு கட்டும் ஜெட்டிக்கு ஓடினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அவருடைய ஆட்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காக்கா, அந்த டோக்கன் செல்லாது. காத்து எச்சரிக்கை இருக்கு."

"சங்கத்து முத்திரை இருக்கே தங்கச்சி. செல்லாதுன்னு செயலாளர் சொல்லட்டும்."

"அவரு சொல்ல மாட்டாரு. மிஷின் தப்பா அடிச்சிருச்சு. அதைப் பாக்குறவ நான்தான்."

கடல் அப்போது தட்டையாகத்தான் கிடந்தது. அவர் நம்புவதற்கு என் முகத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. கடலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்தார். "காத்து மட்டும் வரலேன்னா, ஏத்துன ஐஸ் அம்புட்டையும் ஓந் தலையிலதான் இறக்குவேன், தங்கச்சி."

காற்றுக்குப் பிறகு

நண்பகலில் காற்று வந்தது. கரையில் கட்டிக் கிடந்த படகுகளே ஒன்றோடொன்று மோதி உடைந்தன. யாரிடமும் கேட்காமல் எண்களை மாற்றினேன்: வானிலை ஒன்று, பதிவு இரண்டு, டோக்கன் மூன்று. மாலையில் செயலாளர் வந்தார். கபீர் காக்கா கரையில் இருக்கிறாரா என்று கேட்கவில்லை. "டோக்கனை மூணாவதாத் தள்ள ஒனக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

அந்த மாதத்தோடு என் ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள். இப்போது ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் சர்வரைப் பார்க்கிறேன், அங்கே பில் போடும் செயலிதான் முதலில் எழ வேண்டுமாம்.